தானே திரும்பும் கமராவை வன்னி வளவில் சோதித்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஒரு வளவு என்றால் படலைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையிலேயே இருபது முப்பது மீற்றர் இருக்கும். ஒரு பக்கம் கிணற்றடி, பின்னால் மாட்டுக்கொட்டில், வேலியோரம் பனையும் முருங்கையும், நடுவில் வாழை. பரந்தன், விசுவமடு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி எங்கே போனாலும் இந்த அமைப்பு பெரிதாக மாறாது. ஒரே திசையைப் பார்க்கும் கமரா இவ்வளவையும் காட்டாது என்பதால்தான் ஆட்கள் மோட்டர் வைத்த, ஆளைக் கண்டால் தானே திரும்பும் கமராவை வாங்குகிறார்கள்.

வாங்கிப் பூட்டியதும் முற்றத்தில் இரண்டு தரம் நடந்து பார்ப்பார்கள். கமரா திரும்பினால் சோதனை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். அது போதாது. கமரா ஒரு பக்கம் திரும்புகிற அந்த நேரத்தில் மற்றப் பக்கம் முழுவதும் காவலில்லாமல் கிடக்கிறது. மாட்டின் பின்னால் போய்க் கொட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்கும் கமராவைவிட, அசையாமல் படலையைப் பார்க்கும் மலிவான கமரா நூறு மடங்கு மேல். ஆகவே சோதனையில் மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும். பிடிக்கவேண்டியதைப் பிடிக்கிறதா? எந்த இடத்தில் தவறவிடுகிறது? தவறவிட்டபின் தன் இடத்துக்குத் திரும்பி வருகிறதா? மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முதன்மையானது.

முதலில் மின்சாரமும் பூட்டிய இடமும்

தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரத்தில், அசையாத சுவரிலோ கொங்கிறீற் தூணிலோ கமரா இருக்கவேண்டும். பனையிலோ வேம்பிலோ பூட்டாதீர்கள். காற்றுக்கு மரம் ஆடினால் படம் முழுவதும் ஆடும். கமராவுக்கு உலகமே அசைவதாகத் தெரியும். தகரக் கூரையின் விளிம்பிலும் இதே தொல்லை உண்டு.

அடுத்தது வயர். இங்கே வீடுகளில் நான் அதிகம் காணும் கோளாறு இதுதான். வீட்டுக்குள் இருக்கும் பிளக்கிலிருந்து 5 வோல்ட் வயரை நீட்டி நீட்டிக் கொண்டுபோய் வெளியே கமராவுக்குக் கொடுப்பார்கள். 0.2 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 10 மீற்றர் தூரத்துக்கு 1 அம்பியர் போனால், போகவும் வரவுமாக ஏறத்தாழ 1.75 வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். மிச்சம் கமராவுக்குப் போய்ச் சேர்வது 3.25 வோல்ட். பகலில் சமாளித்துக்கொண்டு ஓடும் கமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கும் எரிந்து மோட்டரும் சுழலும்போது நின்றுவிடும். நீட்ட வேண்டுமென்றால் 230 வோல்ட் பக்கத்தை, தெரிந்த ஒரு மின்வேலைக்காரரைக் கொண்டு, மழைபடாத பெட்டியோடு நீட்டுங்கள். அடப்டரைக் கமராவுக்குக் கிட்ட வையுங்கள்.

இதைச் சோதிப்பது எளிது. இருட்டியபின் செயலியில் உள்ள அம்புக்குறியை அழுத்திப் பிடித்து, கமராவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் நாலைந்து தரம் ஓட்டுங்கள். பல மோட்டர் கமராக்கள் இயங்கத் தொடங்கும்போது ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தம்மைச் சரிசெய்துகொள்ளும். நீங்கள் ஓட்டும்போது இடையில் படம் போய், கமரா தானே அப்படி முழுச் சுற்றுச் சுற்றினால், மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். அதைத் திருத்தாமல் மேலே போகவேண்டாம். மற்றச் சோதனைகள் எல்லாம் பொய்யாகப் போகும்.

மெமரி காட் போட்டு, நேரத்தைச் சரிபார்த்து, செயலியில் மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். வளவைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் ரோந்து வசதி இருந்தால் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அது ஒரு பக்கம் இழுக்க, பின்தொடரும் வசதி இன்னொரு பக்கம் இழுக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போனில் ஓடும் நேரடிப் படத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். சிம் போட்ட ரவுட்டரில் படம் சில செக்கன்கள் பிந்தித்தான் வரும். கமரா சரியாகத் திரும்பியிருந்தாலும் போனில் பார்ப்பவருக்குப் பிந்தித் திரும்பியது போலத்தான் தெரியும். மெமரி காட்டில் பதிந்ததைப் பார்த்தே தீர்மானியுங்கள்.

திரும்பும் வேகத்தை அளந்து பாருங்கள்

பெட்டியில் 360 பாகை என்று எழுதியிருக்கும். எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதைத் தேடினாலும் கிடைப்பது அரிது. நீங்களே அளக்கலாம். கமராவை ஒரு முனைக்குக் கொண்டுபோய், போனின் நிறுத்தக் கடிகாரத்தை அழுத்திவிட்டு, மறுமுனைவரை ஓட்டுங்கள். செயலியில் வேகத்தை மாற்றும் தெரிவு இருந்தால் அதிகூடியதில் வையுங்கள். 350 பாகையைக் கடக்க 14 செக்கன் எடுத்தால் வேகம் செக்கனுக்கு 25 பாகை.

இனி ஆளின் பக்கம். கமராவுக்குக் குறுக்கே போகும் ஒருவரின் வேகத்தைச் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று எடுத்து, கமராவிலிருந்து அவர் இருக்கும் தூரத்தால் பிரித்து, 57 ஆல் பெருக்குங்கள். அவரைப் படத்தின் நடுவில் வைத்திருக்கக் கமரா செக்கனுக்கு எத்தனை பாகை திரும்பவேண்டும் என்பது வந்துவிடும். சாதாரண நடை செக்கனுக்கு 1.4 மீற்றர். 10 மீற்றரில் நடந்தால் 8 பாகை போதும். 3 மீற்றரில் நடந்தால் 27 பாகை வேண்டும். செக்கனுக்கு 4 மீற்றர் போகும் சைக்கிள் 5 மீற்றரில் கடந்தால் 46. மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் மோட்டார் சைக்கிள் 10 மீற்றரில் கடந்தால் 47, 5 மீற்றரில் கடந்தால் 95.

கணக்கைப் பார்த்தால் விளங்கும்: கிட்ட வருகிறவரைப் பிடிப்பதுதான் கமராவுக்குக் கஷ்டம். செக்கனுக்கு 25 பாகை திரும்பும் கமராவுக்குக் கீழே, சுவரை ஒட்டி ஒருவர் நடந்தால், சும்மா நடந்தே தப்பிவிடலாம். ஒழுங்கையால் போகும் மோட்டார் சைக்கிளைப் பின்தொடரும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. படலைக்கு நேர் மேலே இப்படியான கமராவைப் பூட்டவேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். வீட்டின் மூலையிலிருந்து படலையைப் பார்க்கட்டும்.

அதற்காக எட்டவே வைத்துவிடவும் முடியாது. தூரம் கூட, முகம் சிறுக்கும். 2014 இல் வந்த ஐ.ஈ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கு ஓர் அளவு வைத்தது. அசைவது ஆள் என்று கண்டுபிடிக்க, ஒரு மீற்றர் அகலத்துக்குப் படத்தில் 25 புள்ளிகள் (பிக்சல்) வேண்டும். தெரிந்த ஆள் என்று அடையாளம் காண 125. முன்பின் தெரியாத ஒருவரை ஐயமில்லாமல் இன்னார் என்று சொல்ல 250. 1920 புள்ளி அகலமும் 85 பாகை பார்வைக் கோணமும் உள்ள ஒரு கமராவுக்கு இதைக் கணக்குப் பார்த்தால், 250 புள்ளி கிடைப்பது ஏறக்குறைய 4 மீற்றருக்குள், 125 கிடைப்பது 8 மீற்றருக்குள். எனவே வழமையான வீட்டுக் கமரா ஒன்று ஆளைத் தவறவிடாமலும் முகத்தைக் காட்டியும் வேலை செய்யும் இடைவெளி நான்கிலிருந்து எட்டு மீற்றர்வரைதான். படலையிலிருந்து விறாந்தைக்கு வரும் பாதை அந்த இடைவெளிக்குள் எங்காவது விழும்படி பூட்டுங்கள்.

பகலில் நடந்து பார்ப்பது

அளவு நாடாவோடு போய், கமராவுக்கு நேர் கீழே தொடங்கி 3, 6, 10, 15 மீற்றரில் தடி நட்டு ஒரு துணி கட்டுங்கள். ஒருவர் நடக்க, இன்னொருவர் கொப்பியில் நேரத்தைக் குறிக்கவேண்டும். நடப்பவர் தொடங்குமுன் கமராவைப் பார்த்து விரல்களால் எத்தனையாவது நடை என்று காட்டட்டும். பிறகு பதிவைத் தேடும்போது அந்த விரல்தான் உதவும்.

முதலில் ஒவ்வொரு தடியிலும் குறுக்காக நடக்கவேண்டும், இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும். பிறகு படலையிலிருந்து கமராவை நோக்கி நேராக. நேராக வரும் ஆள் படத்தில் அதிகம் இடம் மாறுவதில்லை. மெல்ல மெல்லப் பெருக்கிறார், அவ்வளவுதான். அசைவை மட்டும் பார்க்கும் கமராக்கள் இதில் பிந்தி விழிக்கும். சூரிய மின்கலத்தில் ஓடும் வகைகள் உடற்சூட்டை உணரும் உணரியால் எழுவதால் இன்னும் பிந்தும். நித்திரையிலிருந்து எழுந்து படம் எடுக்கத் தொடங்குமுன் ஆள் பாதி முற்றம் வந்திருப்பார்.

அதன்பின் உங்கள் வளவில் உண்மையாக நடப்பவற்றைச் செய்து பாருங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பது, குடை பிடித்து வருவது, தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் குடம், சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவது. ஆள் உருவத்தை அடையாளம் காணும் கமராக்களுக்குத் தலையும் தோளும் மறைந்தால் ஆளைத் தெரியாமல் போகலாம். நடுமுற்றத்தில் அரை நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு மறுபடி நடந்து பாருங்கள்; நின்றவரை மறந்துவிடுகிறதா என்று தெரியும். குந்தியபடி நகர்ந்து பாருங்கள். வாழைக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியே வாருங்கள்.

அம்மாவையோ வீட்டில் வயதான ஒருவரையோ ஒரு தரம் நடக்கச் சொல்லுங்கள். "அம்மா, படலையடிக்குப் போயிட்டு வழக்கம்போல வாங்கோ" என்று சொன்னால் போதும். நாங்கள் சோதனைக்கென்று நடக்கும் நடையும் வழக்கமான நடையும் ஒன்றல்ல.

பதிவைப் பார்க்கும்போது கமரா திரும்பியதா என்பதற்குப் புள்ளி போடாதீர்கள். ஆள் முழுவதும், குறிப்பாக முகம், எவ்வளவு நேரம் படத்துக்குள் இருந்தது என்பதற்குப் போடுங்கள். ஆள் போனபின் வெறும் வேலியை அழகாகப் படம் பிடித்த பதிவு தோல்விதான். ஒவ்வொரு நடையையும் குறைந்தது மூன்று தரம் செய்யுங்கள்.

மோட்டருக்கு ஒரு நிற்கும் முனை உண்டு. பெரும்பாலான வீட்டுக் கமராக்கள் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகமாட்டா. அந்த முனையைத் தாண்டி ஆள் நடந்தால், கமரா வந்த வழியே முழுச் சுற்றுத் திரும்பி மறுபக்கம் வரவேண்டும். 25 பாகை வேகத்தில் அதற்கு 14 செக்கன். அந்த நேரத்தில் ஆள் கொட்டிலுக்குப் பின்னால் போயிருப்பார். முனை எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அது வீட்டுச் சுவரைப் பார்க்கும்படி கமராவைத் திருப்பிப் பூட்டுங்கள்.

திரும்பி வருகிறதா

முதலில் செயலியில் காவல் நிலையை, அதாவது வேலை இல்லாதபோது கமரா பார்த்துக்கொண்டிருக்கவேண்டிய திசையைப் பதியுங்கள். படலையும் பாதையும் தெரியும் திசை அது. சில வகைகளில் இதற்குத் தனியான அமைப்பும், எத்தனை செக்கனில் திரும்பவேண்டும் என்ற தெரிவும் இருக்கும். சில வகைகள் பின்தொடரத் தொடங்குமுன் எங்கே பார்த்தனவோ அங்கேயே திரும்பும். வேறு சில, ஆள் மறைந்த இடத்திலேயே நின்றுவிடும். உங்களுடையது எந்த வகை என்பதை நான்கு விதமாகப் பார்க்கவேண்டும்.

ஒருவர் கமராவைப் பின்வளவுவரை இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் மறையட்டும். படலைக்குத் திரும்ப எத்தனை செக்கன் என்று குறியுங்கள். அடுத்து, செயலியில் கையால் வேறு பக்கம் திருப்பி அப்படியே விடுங்கள். கையால் திருப்பியபின் பல கமராக்கள் பின்தொடர்வதைச் சிறிது நேரம் நிறுத்தும், சில அந்தப் புதிய திசையையே தம் இடமாக எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, கரண்டை நிறுத்திப் போடுங்கள். மின்வெட்டின்பின் காவல் நிலைக்கு வருகிறதா, பின்தொடரும் வசதி தொடர்ந்து இயங்குகிறதா, நேரம் சரியா?

நான்காவதுதான் மிக முக்கியம். இரண்டு பேர் படலையால் ஒன்றாக உள்ளே வந்து, ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் பிரியட்டும். கமரா ஒருவரைத்தான் பிடிக்கும். முதலில் கண்டவரையா, கிட்ட உள்ளவரையா, பெரிதாகத் தெரிபவரையா என்பது வகைக்கு வகை மாறும். மற்றவர் கிணற்றடியில் இருக்கும் நீர் இறைக்கும் மோட்டரைத் தொட்டுவிட்டு வரட்டும். அவர் பதிவில் இல்லையென்றால், உங்கள் வளவுக்கு இந்த ஒரு கமரா போதாது. படலையை மட்டும் பார்க்கும் அசையாத கமரா ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள்.

மாடு, மயில், சோளகம்

மனிதரை மட்டும் பின்தொடரும் தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிட்டு, மாட்டை அவிழ்த்து முற்றத்தால் கொண்டுபோகச் சொல்லுங்கள். கொண்டுபோகிறவர் இல்லாமல் மாடு தனியே போகும்போதும் பாருங்கள். நாய், கோழி, கூரையில் இறங்கும் மயில், முருங்கைக்கு வரும் குரங்கு எல்லாம் தானாகவே வந்து சோதித்துத் தரும். ஒரு முழுநாள் பதிவைப் பார்த்தால் போதும். யானை வரும் எல்லைக் கிராமங்களில் இருப்போருக்கு ஒரு எச்சரிக்கை: மனிதரை மட்டும் தேடும் கமரா யானையைக் கண்டும் பேசாமல் இருக்கலாம். இதை யானைக்கு எச்சரிக்கைக் கருவியாக நம்பவேண்டாம், கமரா திரும்பியதைப் பார்க்க இருட்டில் வெளியே போகவும் வேண்டாம்.

வைகாசி தொடங்கிச் சோளகம் பலமாக வீசும் காலத்தில் வாழையிலையும் கொடியில் காயும் உடுப்பும்தான் பெரிய தொல்லை. பிற்பகலில் காற்று ஏறும் நேரத்தில், வளவில் யாரும் நடக்காமல் ஒரு மணிநேரம் விடுங்கள். அந்த நேரத்தில் கமரா திரும்பியிருந்தால், எது அசைந்து அதை இழுத்தது என்று பதிவில் தேடுங்கள். முதலில் கொடியை இடம் மாற்றுங்கள், மறைக்கும் இலையை வெட்டுங்கள். உணர்திறனைக் குறைப்பது கடைசி வழி. குறைத்தால் பகல் நடைகளில் 10 மீற்றருக்கு அப்பால் உள்ளவற்றை மறுபடி செய்து பார்த்தே ஆகவேண்டும். செயலியில் கட்டம் கீறி அசைவு பார்க்கும் இடத்தை ஒதுக்கும் வசதியை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. பல கமராக்களில் அந்தக் கட்டம் படத்தின் மேல் இருக்கிறது, நிலத்தின் மேல் இல்லை. கமரா திரும்பியதும் கட்டமும் கூடவே போய்விடும்.

மம்மலும் இரவும்

மம்மல் பொழுதில், கமரா நிறப்படத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்கு மாறும் அந்த நேரத்தைத் தவறவிடாமல் பாருங்கள். மாறும்போது படம் ஒரு கணம் வெளிறும். பின்தொடர்ந்துகொண்டிருந்த ஆளை அதில் விட்டுவிடலாம். காலையில் கிழக்கைப் பார்க்கும் கமராவும் பின்னேரம் மேற்கைப் பார்க்கும் கமராவும் வெயிலுக்கு எதிரே வரும் ஆளைக் கறுத்த நிழலாகத்தான் காட்டும். அந்த நேரத்திலும் ஒரு நடை நடந்து பாருங்கள்.

முழு இருட்டில் 3, 6, 10 மீற்றர் நடைகளைத் திரும்பச் செய்யுங்கள். பெட்டியில் உள்ள "30 மீற்றர் இரவுப் பார்வை" என்பது வெளிச்சம் எட்டும் தூரம். ஆளை ஆள் என்று அறியும் தூரம் அதைவிடக் குறைவு. இருட்டில் கமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளி எடுப்பதால் நடப்பவர் கலங்கித் தெரிவார். கிட்ட வெள்ளைச் சுவர் இருந்தால் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் தெறித்து, அப்பால் எல்லாம் இருண்டுவிடும்.

மாரியில் ஈசல் கிளம்பும் இரவில் கமராவைக் கவனியுங்கள். கண்ணாடிக்கு முன்னால் பறக்கும் சிறு பூச்சி, படத்தில் ஆளைவிடப் பெரிதாக வெளிச்சமாகத் தெரியும். சிலந்தி வலையும் அப்படித்தான். பூச்சிக்குப் பின்னால் கமரா ஓடினால், கமராவிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளி, படலைப் பக்கமாக ஒரு வெளிச்ச விளக்குப் போட்டுப் பாருங்கள். பூச்சி அங்கே போகும், ஆளின் முகத்திலும் வெளிச்சம் விழும். கண்ணாடியைக் கிழமைக்கு ஒரு தரம் மெல்லிய துணியால் துடையுங்கள். எங்கள் செம்மண் தூசிக்கு அது வேண்டும். இடி முழங்கும் பிற்பகல்களில் கமராவையும் ரவுட்டரையும் கழற்றி வைப்பது நல்லது.

இணையம் இல்லாதபோதும், தூரத்திலிருந்து பார்க்கும்போதும்

ரவுட்டரை நிறுத்திவிட்டு ஒரு நடை நடவுங்கள். பிறகு ரவுட்டரைப் போட்டு, அந்த நடை மெமரி காட்டில் பதிந்திருக்கிறதா, கமரா திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா முடிந்த நாளில் கமரா என்ன செய்யும் என்பதற்கு இதுதான் விடை.

பல வீடுகளில் கமராவைப் பார்ப்பது கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் பிள்ளைதான். கணக்கையும் அவர்தான் திறந்திருப்பார், அதனால் கமராவின் நேரம் அந்த நாட்டு நேரமாகப் பதிந்துவிடுவது உண்டு. ரொறன்ரோ நேரம் எங்களுக்குக் கோடையில் ஒன்பதரை மணிநேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணிநேரமும் பின்னால். பொலிசுக்குப் பதிவைக் காட்டவேண்டி வந்தால் அதில் உள்ள நேரம் சம்பவத்தோடு பொருந்தாமல் நிற்கும். பிள்ளையோடு போனில் கதைத்தபடியே ஒரு நடை செய்யுங்கள். அவருக்கு அறிவிப்பு எத்தனை செக்கனில் போகிறது, அவர் கையால் திருப்பியபின் கமரா படலைக்குத் திரும்பி வருகிறதா என்று இரண்டையும் குறியுங்கள். செக்கனுக்கு 2 மெகாபிட் ஓட்டத்தில் நேரடியாகப் பார்த்தால் மணிக்கு 900 மெகாபைட் டேட்டா போகும். அதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

அயல் கிணற்றடி

இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக்கூடாது. எங்கள் ஊரில் கிணற்றடியில்தான் குளிப்பார்கள். அசையாத கமராவை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோமோ அந்தப் பக்கம்தான் பார்க்கும். பின்தொடரும் கமரா, வேலிக்கு அப்பால் நடக்கும் ஒருவரைக் கண்டு தானே அங்கே திரும்பும். கமராவை முழுச் சுற்றும், மேலும் கீழும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அயல் வீட்டுக் கிணறோ மலசலகூடமோ உங்கள் சொந்தக் கிணற்றடியோ எந்தக் கோணத்திலாவது தெரிந்தால், திரும்பும் எல்லையைச் செயலியில் குறுக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால் சுவரின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பூட்டுங்கள். படத்தில் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கும் வசதியை, கமராவைத் திருப்பிய பின்னும் மறைக்கிறதா என்று பார்க்காமல் நம்பவேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் போனில் எது தெரிகிறது என்று காட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றி, யார் யார் போனில் இந்தக் கமரா திறக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கொப்பியைப் பார்த்து முடிவெடுத்தல்

நான்கு முதல் எட்டு மீற்றருக்குள் குறுக்கு நடைகளில் முகம் தெரிந்து, அரை நிமிடத்துக்குள் படலைக்குத் திரும்பியும் வந்தால், பின்தொடரும் வசதியைத் துணிந்து போட்டு வையுங்கள். பிடிக்கிறது, ஆனால் திரும்பி வரவில்லை என்றால், அதை நிறுத்திவிட்டுப் படலையைப் பார்த்தபடி அசையாமல் விடுங்கள். தேவையானபோது கையால் திருப்பலாம். பகலில் பிள்ளைகளும் மாடுகளும் திரியும் வளவில், கமரா நாள் முழுவதும் ஆடிக்கொண்டே இருந்தால் மோட்டரும் தேயும், பார்க்கும் உங்களுக்கும் அலுத்துப்போகும். செயலியில் நேர அட்டவணை இருந்தால், எல்லோரும் படுத்த பிறகு மட்டும் பின்தொடரும்படி வையுங்கள்.

மாரி முடிந்து புல்லும் வாழையும் வளர்ந்தபின்னும், சோளகம் தொடங்கும்போதும், செயலி கமராவின் மென்பொருளைப் புதுப்பித்த ஒவ்வொரு தரமும் மூன்று நடைகளை மட்டும் திரும்பச் செய்தால் போதும்: 6 மீற்றர் குறுக்கு நடை ஒன்று பகலில், ஒன்று இரவில், பின்வளவுக்குப் போய் மறையும் நடை ஒன்று.